நாற்பத்தொரு கொண்டைக்கடலை

ஆக்லாந்தில், கிளென் ஈடனில் எங்கள் வீட்டு நடைவழி மிகவும் குறுகியது. ஒரு பக்கம் சாப்பாட்டு அறை, மறுபக்கம் கராஜுக்குப் போகும் கதவு. நடுவே இஸ்திரிப் பலகையை விரித்தால் ஆள் நுழைய இடமிருக்காது. என் மனைவி சாந்தகுமாரிக்கு அது ஒரு குறை. எனக்கு அதுதான் வசதி. இரண்டு அறைகளிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்க முடியாத அந்தப் பலகையின்மேல்தான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் பசிபிக் சமுத்திரத்தை விரிப்பேன்.

விளையாட்டின் முறையைச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்தில் இருவருக்கும் முழுப் பலகையும் தெரியும். கடற்போரில் அப்படி இல்லை. எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை கப்பல், நம்மைப் பார்த்துவிட்டானா, எதுவும் தெரியாது. அதனால் ஒரு கட்சி கராஜில் இருக்கும், இன்னொரு கட்சி சாப்பாட்டு அறையில். அவரவரிடம் சொந்தக் கப்பல்கள் மட்டும் குறித்த ஒரு வரைபடம். உத்தரவைத் துண்டுச்சீட்டில் எழுதி என்னிடம் தருவார்கள். நான் இரண்டு சீட்டையும் பலகைக்குக் கொண்டுவந்து, முழு வரைபடத்தில் கப்பல்களை நகர்த்தி, பகடை உருட்டி, அவரவர் கண்ணுக்கு எது எட்டியிருக்குமோ அதை மட்டும் திரும்பப் போய்ச் சொல்வேன். ஒரு சுற்று என்பது போரில் இருபது நிமிடம். வீட்டில் எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாய்திறக்கக் கூடாதவனும் நான்தான்.

1996 நவம்பரில், தீபாவளிக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, திவாகரும் அபிதாவும் முதல்முறையாக விளையாட வந்தார்கள். சாந்தாதான் அழைத்திருந்தாள். திவாகர் திருச்சியில் ஒரு கொதிகலன் ஆலையில் பதினோரு வருடம் எஞ்சினியராக இருந்தவன். ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடமாக ரொட்டி ஆலையில் பேக்கிங் வேலை. அபிதாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வந்த ஆறாவது வாரமே வேலை கிடைத்துவிட்டது. திருச்சி ஆலை அவனுக்கு இரண்டு வருடம் சம்பளமில்லாத லீவு கொடுத்திருந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி காலை அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வேலை போய்விடும். அதற்குள் இங்கே எஞ்சினியர் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். நவம்பர் இருபத்தேழாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அபிதாவுக்குப் போக மனமில்லை என்பதும், அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

"பாபகூரா வேலைக்குப் போட்டாச்சா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன். பாபகூராவில் ஒரு பால்பவுடர் ஆலையில் கொதிகலன் பராமரிப்பு எஞ்சினியர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அவனை எதிரே உட்கார வைத்து எழுதியதைப் போன்ற விளம்பரம். கடைசித் தேதி முந்தின நாள், வெள்ளிக்கிழமை.

"இல்ல சார். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இன்னும் திருச்சிலேர்ந்து வரல."

"இருக்கிறதை அனுப்பியிருக்கலாமே?"

"அரைகுறையா அனுப்பினா குப்பைலதான் சார் போடுவாங்க. போனா ஃபுல் செட்டா போகணும். டிகிரி, மார்க் ஷீட், கான்டக்ட் சர்டிபிகேட் எல்லாம் அட்டஸ்ட் பண்ணி கவர் போட்டு வெச்சிருக்கேன். அந்த ஒண்ணுதான் பாக்கி."

அபிதா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாதாரணச் செருப்புதான். ஆனால் அதைக் கழற்ற நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

பின்னாலேயே சிவனேசன் வந்தார், இரண்டு கையிலும் பை. ஒடாஹுஹுவில் டெய்ரி வைத்திருப்பவர்; இங்கே தெருமுனை மளிகைக் கடைக்கு அந்தப் பெயர். எங்கள் விமானங்கள் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். டார்ப்பிடோ சுமக்கும் விமானம் கனமானது, மெதுவானது, அதற்குக் கொண்டைக்கடலை. உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானத்துக்குக் காராமணி. காவல் விமானத்துக்குப் பச்சைப்பயறு. ஒரு தானிய மணி ஒரு விமானம். காலையில் சாப்பிடும் வீட்பிக்ஸ் பெட்டியை வெட்டிச் செய்த நீள அட்டைகள்தான் விமானந்தாங்கிக் கப்பல்கள். போர் முடிந்ததும் சாந்தா இரண்டு கட்சியையும் ஒரே பாத்திரத்தில் ஊறவைத்து மறுநாள் சுண்டல் செய்துவிடுவாள்.

"மாஸ்டர், இண்டைக்கு நான் எந்தப் பக்கம்?" என்றார் சிவனேசன்.

"ஜப்பான். திவாகர் தளபதி. நீங்க அவருக்கு ஆலோசகர். காலம் 1942. திருகோணமலையில் குண்டு போட்டுட்டு வந்து இரண்டு மாசம் ஆகுது."

சிவனேசன் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப நல்ல விளையாட்டுத்தான். அந்தக் குண்டுக்குப் பயந்து ஓடேக்க, கந்தளாய் ரோட்டில ஒரு மாட்டு வண்டிக்குள்ளதான் எங்கட அம்மா என்னைப் பெத்தவ. எங்கட அம்மாவைக் கலைச்ச கப்பலை இப்ப நான் ஓட்டப்போறன்!"

"எங்க தாத்தாவும் அப்பத்தான் மெட்ராஸ விட்டு ஓடியிருக்காரு," என்றான் திவாகர். "ஜப்பான்காரன் இறங்கப் போறான்னு கவர்ன்மென்டே ஊரைக் காலி பண்ணச் சொன்னுச்சாம். அப்படித்தான் நாங்க திருச்சிக்காரங்க ஆனோம்."

நான் ஈப்போவில் பிறந்தவன். எங்கள் ஊர்மேல் பறந்தவை வேறு விமானங்கள், தரையிலிருந்து கிளம்பியவை. இருந்தாலும் அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். 1941 டிசம்பரிலிருந்து 1942 மே வரை அந்தக் கப்பற்படை ஹவாயிலிருந்து கொழும்புவரை பூமியின் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி வந்தது. எங்கும் தோற்கவில்லை. இங்கே ஆக்லாந்தில்கூட நார்த் ஹெட் மேட்டில் பீரங்கிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதெல்லாம் ஒரே ஒரு காலையில், உண்மையில் ஐந்து நிமிடத்தில், திரும்பியது. ஜூன் நான்காம் தேதி, மிட்வே என்ற சின்னத் தீவுக்குப் பக்கத்தில். நான் விரிக்கப்போவது அந்தக் காலையைத்தான். விளையாடுகிறவர்களிடம் பெயரைச் சொல்ல மாட்டேன். வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பி வரைந்திருந்தேன்.

ஒரு விதியை மட்டும் திவாகருக்கு இரண்டு முறை விளக்கினேன். விமானந்தாங்கியின் மேல்தளம் ஒரு தோசைக்கல் மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு தோசைதான். விமானம் இறங்கினால் ஏற முடியாது. ஏறுவதற்கு வரிசையாக நிறுத்தினால் வேறெதுவும் இறங்க முடியாது. அடித்தளத்தில் ஆயுதம் மாட்டி, லிஃப்டில் மேலே ஏற்றி, வரிசையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப இரண்டு சுற்றாவது ஆகும். டார்ப்பிடோவைக் கழற்றிவிட்டுக் குண்டு மாட்டுவதென்றால் நான்கைந்து சுற்று.

"புரியுது சார். ஆலைய நிறுத்திப் பழுது பாக்கிற ஷட்டவுன் பிளானிங் மாதிரி," என்றான். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. ஜப்பானின் நான்கு விமானந்தாங்கி அட்டைகளையும் கராஜ் மேசையில் இணையாக வைத்து, அடித்தளம், மேல்தளம் என்று பென்சிலால் கோடு போட்டு, மணிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். ரொட்டிப் பாக்கெட்டுகளை இரண்டு வருடம் அடுக்கிய கை அது.

ஏழு மணிச் சுற்று. அவனுடைய விமானங்களில் பாதி தீவின்மேல் குண்டு போடப் போயிருந்தன. மீதிப் பாதி, கப்பல் ஏதாவது தென்பட்டால் அடிக்க, டார்ப்பிடோவோடு அடித்தளத்தில் காத்திருந்தன. நான் போய்ச் சொன்னேன்: "தீவுக்குப் போனவங்ககிட்டேருந்து செய்தி. ஒருமுறை போதாது, இன்னொரு தாக்குதல் வேணும்."

"கடல்ல ஏதாவது கப்பல்?"

"உளவு விமானங்கள் எதையும் பார்க்கலை."

சிவனேசன் சொன்னார், "அப்ப டார்ப்பிடோவை வைச்சு என்ன செய்யிறது? தீவுக்கு டார்ப்பிடோ போடேலாது. குண்டை மாத்தும்."

மாற்றினான். இரண்டு சுற்றுக்குப் பிறகு நான் மறுபடி போனேன். "உளவு விமானம் ஒன்று. 'எதிரிக் கப்பல்கள் தெரிகின்றன.'"

"என்ன கப்பல் சார்?"

"சொல்லலை."

"கேளுங்க."

"கேட்டாச்சுன்னு வைங்க. பதில் அடுத்த சுற்றில் வரும்."

அடுத்த சுற்றில் பதில் வந்தது: ஒன்று விமானந்தாங்கி போலத் தெரிகிறது. திவாகர் மாற்றிய குண்டுகளை மறுபடி டார்ப்பிடோவாக மாற்ற எழுதினான். கழற்றிய குண்டுகளைக் கிடங்குக்கு அனுப்ப நேரமில்லை. அவை அடித்தளத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டன. அதே சமயம் தீவுக்குப் போன விமானங்கள் திரும்பி வந்து தலைக்குமேல் வட்டமிட்டன. எரிபொருள் இரண்டு சுற்றுக்குத்தான்.

சிவனேசன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கிடக்கிறதை அனுப்பும் ஐசே! காராமணி ஆயத்தமா நிக்குதெல்லே?"

"காராமணி மட்டும் ரெடி. துணைக்குப் பச்சைப்பயறு இல்ல. கொண்டைக்கடலைல பாதிக்கு குண்டு, பாதிக்கு டார்ப்பிடோ. இப்படி அனுப்பினா அசிங்கம்ணே. அதுவுமில்லாம, மேல சுத்துறவங்க எங்க இறங்குவாங்க? நூறு பேரு கடல்ல விழணுமா?" அவன் சீட்டில் அழுத்தமாக எழுதினான்: முதலில் எல்லாரையும் இறக்கு. பிறகு முழுமையாக அனுப்பு.

உண்மையான தளபதியும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் முடிவெடுத்தார். அவரை முட்டாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்று. தன் ஆட்களைக் காப்பாற்றி, வேலையை ஒழுங்காகச் செய்ய நினைத்தவர் அவர். நான் இந்த விளையாட்டை ஒன்பது முறை நடத்தியிருக்கிறேன். நல்ல மூளைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

சாப்பாட்டு அறையில் நிலைமை வேறு. அங்கே அபிதா அமெரிக்கத் தளபதி. என் மனைவி உதவி. அவர்களிடம் மூன்று விமானந்தாங்கிகள். எதிரியின் சங்கேதத்தை அமெரிக்கர்கள் படித்துவிட்டதால், அவன் வருவது அவர்களுக்கு முன்பே தெரியும். சங்கேதத்தை எப்படி உறுதி செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பானியர் ஏதோ ஓர் இடத்தை இரண்டு எழுத்தால் குறித்துக்கொண்டிருந்தார்கள். அது மிட்வேதானா? தீவிலிருந்து வேண்டுமென்றே மறைப்பில்லாமல் ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் சொன்னார்கள்: குடிநீர் இயந்திரம் பழுது. சில நாளில் ஜப்பானியச் செய்தி ஒன்றில் வந்தது: அந்த இரண்டெழுத்து இடத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஒரு குடிநீர் இயந்திரம் கெட்டதாகச் சொன்ன பொய்யின்மேல் ஒரு சமுத்திரப் போர் நின்றது.

"எது ரெடி?" என்றாள் அபிதா.

"முதல் கப்பலில் கொண்டைக்கடலை பதினைந்து. காவலுக்கு வர வேண்டியது வழி தவறிப் போச்சு."

"அனுப்புங்க."

"அலாமா, தனியாவா?" என்று பதறினாள் சாந்தா.

"காத்திருந்தா அவங்க முதல்ல வந்துடுவாங்க அக்கா. இருக்கிறது போகட்டும்."

பலகைக்கு வந்து பகடை உருட்டினேன். மெதுவாக, தண்ணீருக்கு மேல் தாழ்வாக வரும் பதினைந்து விமானங்கள். மேலே காவல் விமானங்கள் ஐம்பது. திரும்பிப் போய்ச் சொன்னேன்: "பதினைந்தில் ஒன்றும் இல்லை."

"ஏதாவது கப்பலை அடிச்சாங்களா?"

"உங்களுக்குத் தெரியாது. செய்தி சொல்ல யாரும் திரும்பலை."

அபிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த சீட்டில் இரண்டாவது கப்பலின் பதினான்கு. அதற்கடுத்ததில் மூன்றாவது கப்பலின் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்தொன்று. மூன்று முறையும் ஒரு கப்பலையாவது அடித்த செய்தியை நான் கொண்டுவரவில்லை. கடைசியில் சாந்தா ஒரு தேக்கரண்டியில், திரும்பி வந்த மிச்சத்தை எண்ணினாள். ஏழு.

"போதும்மா, பாவம்லா," என்றாள் சாந்தா. அவள் குரல் தழுதழுத்தது. வெறும் கொண்டைக்கடலைக்காக அவள் அப்படி உருகி நான் பார்த்ததில்லை. ஏனென்று பிறகுதான் தெரிந்தது.

பலகைக்கும் கராஜுக்கும் நடுவே என் கால் நின்றுவிட்டது. அபிதாவுக்குத் தெரியாத ஒன்று எனக்கு அங்கே தெரிந்தது. கராஜில் திவாகரின் நான்கு தோசைக்கல்லிலும் ஒரே கூட்டம். ஒவ்வொரு முறை கொண்டைக்கடலை வரும்போதும் அவன் காவல் விமானங்களை ஏற்றி, இறக்கி, எரிபொருள் போட்டு, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. கப்பல்களும் டார்ப்பிடோவுக்குத் தப்ப வளைந்து வளைந்து ஓடின. அவனுடைய பெரிய தாக்குதல், எல்லா ஆயுதமும் மாட்டி, அடித்தளத்தில் அழகாகக் காத்திருந்தது. மேலே ஏற ஒரு நிமிடம்கூட இடம் கிடைக்கவில்லை. காவல் பச்சைப்பயறு அத்தனையும் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மேலே வானம் காலி.

அபிதாவின் காராமணிகள் இரண்டு கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன. ஒன்று முன்பே கிளம்பி, எதிரி இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே வெறும் தண்ணீரைப் பார்த்தது. இன்னொன்று ஒரு மணிநேரம் கழித்து வேறு கப்பலிலிருந்து கிளம்பியது. ஒரு கூட்டம் எங்கே இருக்கிறதென்று மற்றதற்குத் தெரியாது.

"முதல் கூட்டத்துக்கு எரிபொருள் குறையுது," என்று அபிதாவிடம் சொன்னேன். "கீழே ஒரே ஒரு சின்னக் கப்பல் தெரியுது. நாசகாரி. வடகிழக்கே முழு வேகத்தில் போகுது."

அந்த நாசகாரி அங்கே எப்படி வந்தது? சிவனேசன் செய்த வேலை. ஒரு நீர்மூழ்கியைத் துரத்த அதைப் பின்னால் விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும்படி எழுதியிருந்தார். உண்மைப் போரிலும் அப்படியொரு நாசகாரி பின்தங்கித்தான் இருந்தது. அதற்கு நான் விதி எதுவும் எழுதவில்லை. அவர் தானாகவே செய்தார்.

அபிதா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தனியா போறவன் இவ்வளவு அவசரமா ஓடுறான்னா, வீட்டுக்குத்தான் ஓடுறான். பின்னாலயே போகச் சொல்லுங்க."

பத்து மணி இருபது. அந்தச் சுற்றில் முதல் கூட்டம் தென்மேற்கிலிருந்து வந்து சேர்ந்தது. பலகையில் காராமணிகளை வைக்கப் போனேன். அதே கட்டத்தில், அதே சுற்றில், தென்கிழக்கிலிருந்து இரண்டாவது கூட்டமும் வந்து நின்றது. யாரும் திட்டமிடவில்லை. எட்டு முறை நடத்தியும் நடக்காதது ஒன்பதாவது முறை, என் இஸ்திரிப் பலகையில், பகடையில் நடந்தது. நிஜத்திலும் அது இப்படித்தான் நடந்தது. ஆயிரம் முறை படித்த செய்திதான். கண்ணெதிரே காராமணியாக வந்து நின்றபோது பகடையை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன்.

கராஜுக்குப் போனேன். திவாகர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "சார், எல்லாம் ஃபுல் செட். கொண்டைக்கடலைக்கு டார்ப்பிடோ, காராமணிக்கு குண்டு, துணைக்குப் பயறு. இந்தச் சுற்றுல மேல ஏத்துறேன். அடுத்த சுற்றுல கிளம்பிடும்."

அடித்தளத்தில் மணிகள் ஒன்று பிசகாமல் வரிசையாக இருந்தன. பக்கத்தில் கழற்றிய குண்டுகள், எரிபொருள் குழாய்கள்.

"திவாகர்," என்றேன், "மேலேருந்து வர்றாங்க. இரண்டு பக்கத்திலேருந்தும்."

"காவல்?"

"கீழே இருக்கு."

மூன்று கப்பல்கள் தீப்பற்றி வெடித்தன; அந்த மூன்று அட்டைகளையும் எடுத்துத் திருப்பிப் போட்டேன். நான்காவது கொஞ்சம் தள்ளி இருந்ததால் தப்பியது. அதற்கும் மாலைச் சுற்றில் அதே கதி. திவாகர், கவிழ்ந்த அட்டைக்குக் கீழே இருந்து உருண்டு வந்த ஒரு கொண்டைக்கடலையைப் பிடித்து நிறுத்தினான். சிவனேசன்கூடச் சிரிக்கவில்லை.

விளையாட்டு முடிந்ததும் எல்லாரும் பலகையைச் சுற்றி நிற்பது வழக்கம். இரண்டு கட்சியும் அப்போதுதான் முழுதையும் பார்ப்பார்கள். நான் இடத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு என்னை வியக்க வைக்கிற விஷயத்தைச் சொன்னேன்: ஏப்ரலில், சிவனேசனின் அம்மா மாட்டு வண்டியில் போன அதே நாட்களில், இலங்கைக்குப் பக்கத்தில் இந்தக் கப்பல்களுக்கு இதே இரண்டும் நடந்தன. கப்பலைக் கண்டதும் ஆயுதத்தைக் கழற்றி மாட்டும் குழப்பம். பிறகு ஒன்பது பிரிட்டிஷ் விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் தலைக்குமேல் வந்து குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. அந்த ஒன்பதில் பாதிக்குமேல் திரும்பவில்லை. கப்பல்கள் ஒரு கீறலும் இல்லாமல் வீட்டுக்குப் போயின. அதனால் யாரும் எதையும் மாற்றவில்லை.

திவாகர் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. அவன் அபிதாவின் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தான். "துணையில்லாம ஏன் இதுங்கள அனுப்பின? பதினஞ்சு, பதினாலு, பன்னெண்டு. துண்டு துண்டா. அத்தனையும் வேஸ்ட்."

"ரெடியா இருந்துச்சு. அனுப்பினேன்."

"வேஸ்ட் இல்லை," என்று நான் அவன் மேல்தளத்தில் நடந்ததை விளக்கத் தொடங்கினேன். ஆனால் சாந்தா நடுவில் புகுந்துவிட்டாள்.

"சொல்லிடு அபி. இன்னும் எவ்வளோ நேரம் வச்சிக்கிட்டு இருப்ப?"

அபிதா கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து, இஸ்திரிப் பலகையில், சமுத்திரத்தின்மேல் வைத்தாள்.

"என்னது?"

"உங்களுக்கு வேலை இல்லைன்னு சொன்ன லெட்டருங்க. ஜூன்லேர்ந்து. பதினேழு." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "உங்க ஃப்ளாப்பிலேர்ந்து பயோடேட்டாவ எடுத்தேன். அக்கா கிளினிக்குலேர்ந்து ஃபேக்ஸ் பண்ணினோம். நீங்க ஷிஃப்ட் போனப்புறம்தான் போஸ்ட் வரும், எடுத்து அரிசி டின்னுல வெச்சிடுவேன்."

டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளராக இருக்கும் என் மனைவி, ஐந்து மாதமாக எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழு வரைபடமும் என்னிடம்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திவாகரின் முகம் கறுத்துவிட்டது. "என் பேர்லயா? அட்டஸ்டேஷன் இல்லாம? சர்டிபிகேட் இல்லாம? பதினேழு இடத்துல என்னை அரைகுறைன்னு நெனச்சிருப்பான்."

"பதினேழு இடத்திலயும் உம்மை ஒருத்தனும் நினைக்கேல்லை ஐசே," என்றார் சிவனேசன். "அதுதானே கடிதம் சொல்லுது."

"சும்மா இருங்கண்ணே!"

"பாபகூராவுக்கும் போயிடுச்சு," என்றாள் அபிதா. "வியாழக்கிழமையே அனுப்பிட்டேன். நேத்து நாலு மணிக்கு அக்காவுக்கு ஃபோன். திங்கக்கிழமை எட்டரைக்கு வரச் சொன்னாங்க. பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமாம். இங்க வந்ததும் சொல்லிடணும்னுதான் வந்தேன். வாசல்லயே நீங்க ஃபுல் செட்டுன்னு ஆரம்பிச்சிட்டீங்க."

திவாகர் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். கத்தவில்லை. எஞ்சினியர் புத்தி, ஏதோ ஒரு இயந்திரம் எதிர்பாராமல் ஓடினால் முதலில் ஏன் ஓடியது என்று பார்க்க வேண்டும். கடிதங்களைத் தேதிப்படி அடுக்கத் தொடங்கினான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மன்னிக்கவும், மன்னிக்கவும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பதினொன்றாவது கடிதத்தில் கை நின்றது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே யாரோ பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். இந்த இடம் நிரம்பிவிட்டது. ஆனால் எங்கள் பாபகூரா ஆலைக்கு நவம்பரில் கொதிகலன் தெரிந்த ஆள் தேவைப்படும், பேப்பரைப் பாருங்கள், பெயரைச் சொல்லி வைக்கிறேன்.

"அந்த விளம்பரத்த நீதான் என் டேபிள்ல வெச்சியா?"

"ஆமா. வட்டம்கூடப் போட்டு வெச்சேன். நீங்களே அனுப்பிடுவீங்கன்னு பாத்தேன். வியாழக்கிழமை வரைக்கும் பாத்தேன்."

அவன் பதினொன்றாவது கடிதத்தை மற்றவற்றின் மேல் வைத்தான், பிறகு அதை மறுபடி அதன் இடத்திலேயே, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் செருகினான்.

"சார், நிஜத்துல அந்த நாற்பத்தொண்ணுல எத்தனை திரும்பிச்சு?"

"ஆறு. முதல் பதினைந்தில் ஒன்றுகூட இல்லை. அதில் ஒரே ஒரு விமானி கடலில் விழுந்து மிதந்துகிட்டே மேலே நடந்ததெல்லாம் பார்த்தார். மற்றவங்க யாருக்கும் தாங்கள் என்ன செஞ்சோம்னு தெரியாது."

அவன் தலையசைத்தான். அபிதாவின் கைப்பையை வாங்கி, கடிதக் கட்டைத் தானே அதில் வைத்து மூடிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை பாபகூராவில் அவனிடம் சான்றிதழ் எதையும் கேட்கவில்லையாம். கொதிகலன் அறைக்கு அழைத்துப்போய், இந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று கேட்டார்களாம். முக்கால் மணிநேரம் விளக்கியிருக்கிறான். நவம்பர் இருபத்தேழாம் தேதி விமானம் அவர்கள் இருவரும் இல்லாமல் போனது. திருச்சியிலிருந்து அந்தச் சான்றிதழ் ஜனவரியில் வந்தது, மூன்று முத்திரையோடு.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. மணி ஐந்து, வெயில் இன்னும் கராஜ் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. சாந்தா வழக்கம்போல் பெரிய பாத்திரத்தில் இரண்டு கட்சியையும் கொட்டிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றான் திவாகர்.

பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்து உட்கார்ந்தான். யாருடைய கடலை எது என்று இனிப் பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நாற்பத்தொன்றை எண்ணித் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டான்.

"இத மட்டும் ஊறப்போட வேணாம் அக்கா," என்றான்.